பேட்டரிக் கருவிகளின் ‘பிளாட்ஃபார்ம்’: தளம் வேண்டாம், குடும்பம் போதும்

அனைவருக்கும் வணக்கம்.

பேட்டரிக் கருவிகளுக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றிய நம் உரையாடலில், ஒரே வகை பேட்டரியைப் பகிர்ந்துகொள்ளும் கருவிகளின் தொகுதியைக் குறிக்கும் ‘பேட்டரி பிளாட்ஃபார்ம்’ என்பதற்கு ‘மின்கலத் தளம்’ என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ‘தளம்’ ஏற்கெனவே இணையதளம், கட்டடத்தின் தளம், படப்பிடிப்புத் தளம் என்று பல வேலை பார்க்கிறது. அதுகூடப் பரவாயில்லை. புதிதாக ஒரு டிரில் வாங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே செய்தியை அந்தச் சொல் சொல்வதில்லை என்பதுதான் என் குறை. கடையில் அவர் கேட்பது “இந்த பேட்டரி அந்த மிஷினுக்குச் சேருமா?” என்றுதான். அந்தக் கேள்விக்கு விடையாக நிற்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

இன்னொரு நண்பர் வோல்ட் அளவையே பெயராக்கி ‘18 வோல்ட் வரிசை’ என்று சொல்லலாம் என்றார். இது தளத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் ஒரே வோல்ட் என்றால் ஒன்றுக்கொன்று சேரும் என்று வாங்குபவரை நம்ப வைத்துவிடும். மகிட்டா, மில்வாக்கி, ரியோபி என்ற மூன்று பிராண்டுகளிலும் 18 வோல்ட் கருவிகள் உண்டு. ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் ஏறாது. இதில் மில்வாக்கியும் ரியோபியும் டிடிஐ என்ற ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். பாஷ் நிறுவனத்தில் தொழில்முறைக்கு நீலம், வீட்டு வேலைக்குப் பச்சை என்று இரண்டு வகை இருக்கிறது. இரண்டிலும் 18 வோல்ட் உண்டு, இரண்டும் சேராது. ஆக, கம்பெனிப் பெயரும் போதவில்லை, வோல்ட்டும் போதவில்லை.

வோல்ட் எண்ணையே அப்படியே நம்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் அயனிக் கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் (ஓடும்போது சராசரியாக இருப்பது) 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. அதே கலம் முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட்டைத் தொடும். அப்போது ஐந்தும் சேர்ந்து 21. டிவால்ட் அமெரிக்காவில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று விற்பதும் ஐரோப்பாவில் ‘18 வோல்ட்’ என்று விற்பதும் உள்ளே ஐந்து கலம் கொண்ட ஒரே ஏற்பாடுதான். ‘12 வோல்ட்’ என்று எழுதிய சிறிய டிரில்லில் இருப்பவை மூன்று கலங்கள், பெயரளவில் 10.8 வோல்ட். நம் ஊர்க் கடைகளிலும் இணைய விற்பனையிலும் குவிந்திருக்கும் மலிவான கருவிகளில் 48, 88 என்றெல்லாம் பெரிய எண்கள் அச்சிட்டிருக்கும். பல சமயம் திறந்து பார்த்தால் அதே ஐந்து கலம்தான் இருக்கும். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுகிற இடம் இது. நாம் உருவாக்கும் சொல்லும் அந்த எண்ணுக்கே துணை போகக் கூடாது.

அதனால் என் பரிந்துரை ‘மின்னடுக்குக் குடும்பம்’. பேச்சிலும் விளம்பரத்திலும் ‘பேட்டரிக் குடும்பம்’ என்றாலே போதும்.

முதலில் ‘மின்னடுக்கு’. கலம் வேறு, கலங்களை அடுக்கிச் செய்த பேட்டரி வேறு. மின்கலம், மின்கல அடுக்கு என்ற இரண்டு சொற்களும் நமக்குப் பழக்கமானவை. பின்னதைச் சுருக்கினால் மின்னடுக்கு. இந்த வேறுபாடு இங்கே அவசியம். ‘மின்கலக் குடும்பம்’ என்றால் நிக்கல்–காட்மியம், லித்தியம் அயனி என்ற வேதியியல் வகைகளைச் சொல்வதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்து ‘குடும்பம்’. கலைச்சொல்லுக்கு இது வீட்டுச் சொல்லாக இருக்கிறதே என்று சிலர் தயங்கக்கூடும். மொழிக்குடும்பம் என்கிறோம், தாவரவியலில் குடும்பம் என்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. எது எதனோடு உறவு, எது உறவில்லை என்பதைச் சொல்வதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சொல் எனக்குத் தெரியவில்லை.

சிக்கலான சில நிகழ்வுகளில் இந்தச் சொல்லை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ரியோபியின் ‘ஒன் பிளஸ்’ என்ற 18 வோல்ட் குடும்பம் 1996-இல் வந்தது. அப்போது நிக்கல்–காட்மியம் பேட்டரி. பிறகு லித்தியம் வந்தது, பொருந்தும் வடிவத்தை அவர்கள் மாற்றவில்லை. இன்று வாங்கும் லித்தியம் பேட்டரி அந்தப் பழைய டிரில்லிலும் ஏறும். வேதியியல் மாறியும் குடும்பம் மாறவில்லை. மகிட்டாவில் இதற்கு நேர்மாறு. 2005-இல் தொடங்கிய 18 வோல்ட் எல்எக்ஸ்டி குடும்பத்தில், இரண்டு பேட்டரி செருகி 36 வோல்ட்டில் ஓடும் கருவிகள் உண்டு. 2019-இல் வந்த எக்ஸ்ஜிடி ‘40 வோல்ட் மேக்ஸ்’ என்பதும் பத்துக் கலங்கள், பெயரளவில் அதே 36 வோல்ட். ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் ஏறாது. ஒரே கம்பெனி, ஒரே மின்னழுத்தம், இரண்டு குடும்பங்கள். ‘36 வோல்ட் வரிசை’ என்று சொல்லியிருந்தால் இங்கே முழுவதும் குழம்பியிருக்கும்.

டிவால்ட் 2016-இல் கொண்டுவந்த ஃபிளெக்ஸ்வோல்ட் இன்னும் சுவையானது. அதில் 15 கலங்கள். 18 வோல்ட் கருவியில் செருகினால் ஐந்து ஐந்தாக மூன்று வரிசை பக்க இணைப்பில் நிற்கும். பெரிய கருவியில் செருகினால் பதினைந்தும் தொடராகி 54 வோல்ட் தரும்; அமெரிக்க அட்டையில் அதுவே 60. ஆனால் சாதாரண 18 வோல்ட் பேட்டரியைக் கொண்டு அந்தப் பெரிய கருவியை ஓட்ட முடியாது. உறவு ஒரு பக்கம் மட்டும்தான். இதை ‘ஒருவழிப் பொருத்தம்’ என்று தனியாகக் குறித்துவிடலாம்.

ஒரு குடும்பத்துக்குள் பல கம்பெனிகள் வருவதும் உண்டு. ஜெர்மனியின் மெட்டாபோ 2018-இல் தொடங்கிய சிஏஎஸ் என்ற ஏற்பாட்டில் மாஃபெல், ரோதன்பெர்கர் போன்றவர்கள் ஒரே பேட்டரியைப் பகிர்கிறார்கள். பாஷின் ஆம்ப்ஷேர் ஏற்பாட்டில் ஃபைன் நிறுவனம் இருக்கிறது. இவற்றுக்கு ‘மின்னடுக்குக் கூட்டணி’ என்று சொல்லலாம். நம் ஆட்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

‘பொருத்தம்’ என்ற சொல்லையே தலைச்சொல்லாக வைக்கலாமே என்ற யோசனையும் நல்லதுதான். ஆனால் பொருந்துவது வேறு, பேசிக்கொள்வது வேறு. பேட்டரிக்கும் கருவிக்கும் இடையே மின்சாரம் போகும் இரண்டு முனைகள் தவிர, வெப்பநிலையும் மின்னழுத்தமும் தெரிவிக்கும் முனைகளும் இருக்கின்றன. சார்ஜ் குறைந்ததும் நிறுத்தும் பொறுப்பைச் சில குடும்பங்களில் பேட்டரி ஏற்கும், சிலவற்றில் கருவி ஏற்கும். அந்தப் பொறுப்பு கருவியிடம் இருக்கிற குடும்பத்தின் பேட்டரியை அடாப்டர் போட்டு வேறு கருவியில் மாட்டினால் டிரில் சுற்றும். ஆனால் கலம் அளவுக்கு மீறி வடிந்து கெட்டுப்போகும். பொருந்தியும் உறவில்லாத நிலை இது. அடாப்டர் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. நம் விளக்கக் குறிப்பிலாவது எழுதியே ஆக வேண்டும்.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘கார்ட்லெஸ்’ என்பதற்குக் ‘கம்பியில்லா’ வேண்டாம், அதை ‘வயர்லெஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டது. புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு பேசும் டிரில்களே வந்துவிட்ட காலத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ‘வடமில்லா டிரில்’ சரியாக வரும். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் கருவியை மட்டும் விற்பதற்கு ‘வெறுங்கருவி’. வெறுங்கை போல இது உடனே புரியும். குடும்பத்தில் முதல் கருவியை பேட்டரியோடு வாங்கியவர் அடுத்தடுத்து வாங்குவது இந்த வெறுங்கருவியைத்தான், காசு மிச்சமாவதும் அங்கேதான். ஆம்பியர்-மணி அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒப்பீட்டுப் பட்டியல்களில் வாட்-மணியையும் (வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வரும் மொத்த ஆற்றல்) கட்டாயம் சேர்க்க வேண்டும். 18 வோல்ட் 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி. ‘20 வோல்ட்’ என்று அச்சிட்ட 5 ஆம்பியர்-மணிக்கும் அதே 90-தான். விமானத்தில் பொதுவான வரம்பு 100 வாட்-மணி என்பதால், வெளிநாட்டிலிருந்து பேட்டரி கொண்டுவருகிறவர்களுக்கும் அது உதவும்.

மீதமிருப்பது ‘டேப்லெஸ்’ கலம். வழக்கமான கலத்தில் சுருட்டிய தகட்டிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்க ஒரு மெல்லிய பட்டை (ஆங்கிலத்தில் tab) இருக்கும். புதிய கலங்களில் தகட்டின் விளிம்பு முழுவதுமே அந்த வேலையைச் செய்கிறது; தடை குறைகிறது, சூடு குறைகிறது. பட்டையை ‘நாக்கு’ என்று கொண்டு ‘நாக்கிலாக் கலம்’ எனலாமா, அல்லது புதுமையைக் குறித்து ‘முழுவிளிம்புக் கலம்’ எனலாமா? எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. மின்கலம் பழுது பார்க்கிறவர்கள் இந்தப் பட்டையை வேலையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதைக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.