மறு: மலைமுகட்டைத் தாண்டி விழும் மழைக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். மலையின் ஒரு பக்கத்தில் உருவாகி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் விழும் மழையை ஆங்கிலத்தில் 'ஸ்பில்ஓவர்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> 'வழிவு மழை' என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்பில்ஓவர் என்பதற்கு நேர்ச்சொல்.

நேர்ச்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் வழிவது என்றால் அண்டா நிரம்பி விளிம்பில் ஒழுகுவது. மலைமுகட்டில் எதுவும் நிரம்புவதில்லை. நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போமே.

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறிக் குளிர்கிறது. மேகத்துக்குள் துளிகள் திரள்கின்றன. அவை திரண்ட இடத்துக்கு நேர் கீழேயே விழுவதில்லை. விழுகிற நேரமெல்லாம் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டே போகிறது. 2 மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் இறங்கும். அரை மில்லிமீட்டர் துளிக்கு அந்த வேகம் சுமார் 2 மீட்டர்தான். காற்று நொடிக்கு 10 மீட்டர் அடித்தால், 1,000 மீட்டர் இறங்குவதற்குள் பெரிய துளி ஒன்றரைக் கிலோமீட்டரும் சின்னத்துளி 5 கிலோமீட்டரும் தள்ளிப் போய்விடும். அதற்குள் முகடு வந்துவிட்டால், துளிகள் மழை மறைவுப் பக்கத்தில், அதாவது காற்று மோதாத மறுபக்கத்தில், போய் விழும். அங்கே காற்று கீழிறங்கிச் சூடாவதால் (மேகம் கலைந்த பிறகு 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ்) துளிகள் ஆவியாகத் தொடங்கும். ஆகவே இந்த மழை வெகுதூரம் போகாது.

இதற்குக் குற்றாலம் இருக்கும்போது வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. மலைக்குக் கிழக்கே, மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிற ஊர். ஆனாலும் ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் முகட்டுக்கு மேலாகவும் மேகத்தைத் தள்ளிவிட, வெயிலும் மழையும் மாறி மாறி, சன்னமாக, சாய்வாக விழுகிறது. 5 கிலோமீட்டர் கிழக்கே தென்காசிக்கு வரும்போதே குறைந்துவிடும். திருநெல்வேலியில் அதே நாளில் வெயில் கொளுத்தும். அந்தப் பக்கத்து மக்கள் இதைச் சாரல் என்கிறார்கள். 'சாரல் எப்படி?' என்று கேட்டுவிட்டுத்தான் குளிக்கவே கிளம்புவார்கள். நாம் ஒருவாரமாகத் தேடும் சொல் அங்கே தினப்படிப் புழக்கத்தில் இருக்கிறது. என் பரிந்துரை: சாரல் மழை.

> சாரல் என்றால் தூறல்தானே? பொதுச்சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் குழப்பம் வராதா?

இரண்டும் ஒன்றல்ல. தூறல் துளியின் அளவைச் சொல்வது. காற்றே இல்லாமலும் தூறும். சாரல் காற்று கொண்டுவந்து போடுவது. கனமழை கொட்டும்போதும் 'ஜன்னலைச் சாத்து, சாரல் அடிக்குது' என்கிறோம், 'தூறல் அடிக்குது' என்பதில்லை. மழை ஓரிடத்தில், நனைவது பக்கத்து இடம் என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். நமக்கும் அதே பொருள்தான் வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறு. சங்கப் பாடல்களில் சாரல் என்பது மலைச்சரிவு. இன்றும் 'மலைச்சாரல்' என்றால் சரிவைத்தான் நினைப்போம். அதனால் 'மலைச்சாரல் மழை' என்று யாரும் எழுதிவிட வேண்டாம், சரிவில் விழும் எல்லா மழையையும் அது அள்ளிக்கொள்ளும். 'சாரல் மழை' போதும். விளக்க வரியில் 'காற்று மோதும் பக்கத்தில் உருவாகி, காற்றால் முகட்டைக் கடந்து மழை மறைவுப் பக்கத்தில் விழுவது' என்று கட்டிவிடலாம்.

குளிர்நாடுகளுக்கு ஒத்துவருமா என்று பார்த்தேன். அமெரிக்காவின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் பசிபிக் பக்கம் ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ., மலைக்கு வடகிழக்கே சீக்விமில் 400 மி.மீ. அளவுதான். அங்கே குளிர்காலத்தில் முகட்டைத் தாண்டுவது பெரும்பாலும் பனி. பனிச்செதில் நொடிக்கு ஒரு மீட்டர்தான் இறங்கும் என்பதால் மழைத்துளியைவிட வெகுதூரம் போகும். 'பனிச்சாரல்' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை.

இன்னொன்று, இது வெறும் அகராதிப் பதிவாக நின்றுவிடாது. காவிரியும் கிருஷ்ணாவும் முகட்டுக்குக் கிழக்கேதான் பிறக்கின்றன. மலைமேல் பெய்த மழையில் எவ்வளவு மேற்கே கடலுக்குப் போயிற்று, எவ்வளவு கிழக்குச் சரிவில் சேர்ந்தது என்று பேசும்போதெல்லாம் இந்தச் சொல் தேவைப்படும். முகட்டிலிருந்து மழை எட்டும் தூரத்துக்கும் ஒரு சொல் வேண்டும்: 'சாரல் வீச்சு' என்கிறேன். 'சாரல் எல்லை' என்று சொன்னவருக்கு: எல்லை என்றால் கோடு போட்டதுபோல் நிலையாகிவிடுகிறது. இதுவோ காற்றின் வேகத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் நீளும், சுருங்கும்.

ஈரக்காற்று மலையில் மோதி ஏறுவதால் பெய்யும் மழையைக் குறிக்கும் 'மலைத்தடுப்பு மழை'யையும் மாற்ற வேண்டும் என்ற பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் ஊறிப்போன சொல், அதை அசைக்க ஒரு மாதம் சண்டை போட வேண்டியிருக்கும். இப்போதைக்குச் சாரல் மழை, பனிச்சாரல், சாரல் வீச்சு மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்