"ஜெபிக்கிறேன்"னு சொல்லிட்டு ஜெபிக்காம விட்டது சின்னப் பாவமா?

தனிக்குருவி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வாரமா மனசைப் போட்டு அரிச்சுக்கிட்டிருக்கிற விஷயம், நேராவே சொல்லிடுறேன்.

எங்க சபை ஜெபக்குழு வாட்ஸ்அப்ல நான் ஒரு பொறுப்பாளர். விண்ணப்பம் வந்தா முதல் ஆளா பதில் போடுறது நான்தான். "ஜெபிக்கிறேன் சிஸ்டர்", பின்னால ரெண்டு கைகூப்பு எமோஜி. 'ஜெ'ன்னு தட்டினாலே போன் மிச்சத்தை எடுத்துக் கொடுத்துடும். ஆரம்பத்துல பதில் போட்ட கையோட கண்ணை மூடி ரெண்டு வார்த்தையாவது சொல்வேன். அப்புறம் "ராத்திரி மொத்தமா ஜெபிச்சுக்கலாம்"னு ஆச்சு. ராத்திரி தூக்கம் வந்துடும். ஜெபம் எப்போ நின்னுச்சுன்னு எனக்கே தெரியல. பதில் மட்டும் நிக்கல.

போன மாசம் ஒரு சகோதரி, தன் அம்மாவுக்கு மறுநாள் காலைல ஆபரேஷன்னு போட்டிருந்தாங்க. மணி பதினொன்றரை. "இந்த ராத்திரி உங்க அம்மாவை ஆண்டவர் பாதத்துல வைக்கிறேன்"னு தட்டிட்டு, போனை சார்ஜ்ல போட்டுப் படுத்துட்டேன். அந்த "இந்த ராத்திரி"யை யாரும் என்கிட்ட கேக்கல, நானா சேர்த்துக்கிட்டது.

அம்மா பிழைச்சுட்டாங்க. ரெண்டு ஞாயிறுக்கு முன்னால அந்தச் சகோதரி சாட்சி சொல்ல எழும்பி, "எனக்காக ராத்திரி முழுக்க முழங்கால்ல நின்னவங்க"ன்னு என் பக்கம் கையைக் காட்டினாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "எல்லா மகிமையும் கர்த்தருக்கே"ன்னேன். பாக்குறவங்களுக்கு அது தாழ்மையாத்தான் தெரிஞ்சிருக்கும்.

களவு, குடி, விபசாரம் எதுவும் என்கிட்ட இல்ல. அதனாலயே நான் சரியா இருக்கேன்னு நினைச்சிருந்தேன். இப்போ கேள்வி: ஆண்டவர்கிட்ட மட்டும் அறிக்கை செஞ்சா போதுமா, அவங்ககிட்டயும் சொல்லணுமா? இல்ல, சின்ன விஷயத்தை நான்தான் ஊதிப் பெருசாக்குறேனா?

(தயவுசெஞ்சு, திராட்சத்தோட்டத்தைக் கெடுக்கிற குழிநரி, சிறுநரி மாதிரி சின்னப் பாவமும் கெடுக்கும்னு சொல்ற அந்த உன்னதப்பாட்டு வசனத்தை அனுப்பாதீங்க. அதை வச்சு ஞாயிறு பள்ளியில நானே பாடம் எடுத்திருக்கேன்.)

ஓரத்துப் பெஞ்சு:

சிஸ்டர், லேசா விடுங்க. பின்னால புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தை ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தர், 1505-ல மடத்துல துறவியா சேர்ந்த பிறகு இப்படித்தான் ஒண்ணு விடாம தோண்டித் தோண்டி, ஒரு தடவை ஆறு மணி நேரம் வரைக்கும் பாவ அறிக்கை செஞ்சாராம். கேட்டுக் கேட்டு அவரோட மேலதிகாரி ஸ்டௌபிட்ஸுக்கே அலுத்துப்போச்சு. கொசுவை வடிகட்டிட்டு ஒட்டகத்தை விழுங்குறதா இயேசு கண்டிச்சாரே, அந்தக் கொசுவை வடிகட்டுற வேலை வேண்டாம், மத்தேயு 23 பாருங்க. நீங்க அந்தச் சகோதரிக்குக் கெடுதல் எதுவும் செய்யலையே.

ஓய்வுபெற்ற போதகர்:

தம்பி, கொசு வசனத்துக்கு ஒரு வசனம் முன்னால போய் வாசிங்க. பெரிய கட்டளை, சின்னக் கட்டளை ரெண்டையும் பத்தி ஆண்டவர் சொல்றார்: "இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்." கொசுவைக் குடிக்கச் சொல்லி ஆண்டவர் எங்கயும் சொல்லல.

மகளே, 1 சாமுவேல் 12:23 எடுங்க. ஜனங்க ராஜா வேணும்னு கேட்டுத் தீர்க்கதரிசி சாமுவேலை ஓரங்கட்டினாங்க. அப்புறம் பயந்துபோய், எங்களுக்காக விண்ணப்பம் பண்ணும்னு அவர்கிட்டயே வந்து நிக்கிறாங்க. உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாம விட்டா அது கர்த்தருக்கு விரோதமான பாவம், அது எனக்குத் தூரமாயிருப்பதாகன்னு அவர் சொல்றார். ஜனங்களுக்கு விரோதமா இல்ல, கர்த்தருக்கு விரோதமா. இத்தனைக்கும் அவர் முந்தி ஒப்புக்கொண்டு ஏமாத்தினவர் இல்ல.

அப்போஸ்தலர் 5-ல, நிலத்தை வித்து அப்போஸ்தலர்கிட்ட பணம் கொண்டுவந்த தம்பதி அனனியா சப்பீராள் கதையும் உங்களுக்குத் தெரியும். நிலத்தை விக்கச் சொல்லி யாரும் அவங்களைக் கட்டாயப்படுத்தல, விலை முழுசையும் கேக்கவும் இல்ல. கொடுத்தது கொஞ்சம், கொடுத்ததாக் காட்டினது முழுசு. உங்க "இந்த ராத்திரி" அந்த ரகம்தான். கடுமையாச் சொல்றதா நினைக்காதீங்க. ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு கைகுலுக்கும்போது "உங்களுக்காக ஜெபிக்கிறேன்"னு நான் சொன்ன கணக்கு என்கிட்ட நிறைய இருக்கு.

அவங்ககிட்ட சொல்லுங்க. யாக்கோபு 5:16-ல ஒருத்தருக்கொருத்தர் குற்றத்தை அறிக்கையிடுறதும், ஒருத்தருக்காக ஒருத்தர் ஜெபிக்கிறதும் ஒரே மூச்சில வருது.

சாயங்கால மணி:

நான் கத்தோலிக்கப் பொண்ணு, நடுவுல நுழையுறேன். எங்க பக்கம் பெரிய பாவத்தைச் சாவான பாவம், சின்னதை அற்பப் பாவம்னு பிரிச்சுச் சொல்லுவோம். அற்பம்னு பேர் இருக்கிறதால அதை அற்பமா விட்டுடலாம்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன்.

புனித அகுஸ்தினார் தன் வாழ்க்கையைச் சொல்ற 'அறிக்கைகள்' நூலோட ஒன்பதாம் புத்தகத்துல அவர் அம்மா மோனிக்காவோட சின்ன வயசுக் கதை ஒண்ணு சொல்றார். பீப்பாயிலிருந்து திராட்சரசம் மொண்டு வர அவளை அனுப்புவாங்க. ஜாடியில ஊத்துறதுக்கு முன்னால உதட்டு நுனியால ஒரு சொட்டு உறிஞ்சுவா. குடிமேல ஆசையா? இல்ல, ருசி அவளுக்குப் பிடிக்கவே இல்ல, வெறும் விளையாட்டு. அந்தச் சொட்டு தினம் ஒரு சொட்டா வளர்ந்து, சின்னக் கோப்பை நிறைய மடக்குனு குடிக்கிற அளவுக்கு வந்துடுச்சு. கண்டிப்பா வளர்த்த வயசான தாதிக்குக்கூட அது தெரியல. கூடப் போற வேலைக்காரி ஒருநாள் சண்டையில "குடிகாரி"ன்னு திட்டிட்டா. சுருக்குன்னு தைச்சது, அன்னைக்கே விட்டுட்டா.

வேலைக்காரி திருத்தணும்னு சொல்லல, குத்தணும்னுதான் சொன்னா. உங்களைக் குத்தினது ஒரு நன்றி. அது இன்னும் வலிக்கும்.

ஓரத்துப் பெஞ்சு:

சரி ஐயா, வசனத்துல நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன். ஆனா சொல்லிட்டா அந்தச் சகோதரி நிலைமை என்ன? அவங்க சாட்சியே ஆடிப்போகும். இவங்க பாரம் இறங்கணும்னு அவங்க தலையில ஏத்துறதா?

ஓய்வுபெற்ற போதகர்:

நல்ல கேள்வி. இதுக்காகவே சொல்லாம விடுற பாவமும் உண்டு. ஆனா அந்தத் தாயாரைப் பிழைக்க வச்சது இவங்க ஜெபம் இல்லையே, தேவன். அதைச் சகோதரி தெரிஞ்சுக்கிட்டா சாட்சி ஆடாது, சரியான ஆள்மேல போய் நிக்கும். தனியா சொல்லுங்க மகளே. குழுவிலயும் மேடையிலயும் வேண்டாம், அதுலயும் ஒரு பேர் வாங்கிடலாம்.

தனிக்குருவி:

நேத்து போன் பண்ணிச் சொல்லிட்டேன். அழாம சொல்லணும்னு எழுதி வச்சு வாசிச்சேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க: "அன்னைக்கு எனக்கு ஜெபமே வரல அக்கா. வாயைத் திறந்தா பயம்தான் வந்துச்சு. நீங்க விழிச்சிருக்கீங்கன்னு நம்பித்தான் நான் தூங்கினேன்."

திட்டல. "பரவாயில்ல"ன்னும் சொல்லல. அம்மாவுக்கு அடுத்த வாரம் மறுபரிசோதனை, எத்தனை மணிக்குன்னு நேரத்தை மட்டும் சொல்லிட்டு வச்சுட்டாங்க.

போன்ல அந்த வார்த்தையை எடுத்துக்கொடுக்கிற வசதியை நிறுத்திட்டேன், இப்போ எழுத்தெழுத்தா தட்டணும். இன்னைக்குக் குழுவில நாலு விண்ணப்பம் வந்திருக்கு. ரெண்டுக்குத்தான் பதில் போட்டிருக்கேன்.