நல்ல நாளில் 40 கிலோமீட்டர், அப்புறம் ஐந்து நாள் படுக்கை

கேள்வி:
ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்க நாள்பட்ட வலி தரும் நோய்) என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. சைக்கிளில் 40 கிலோமீட்டர் ஓட்டுகிற அன்று ஒன்றும் தெரிவதில்லை. மறுநாள் தொடையும் தோளும் அடித்துப் போட்டது போல் வலிக்கும். நான்கைந்து நாள் சைக்கிள் பக்கமே போக முடியாது. வலி குறைந்ததும் விட்டதைப் பிடிக்க மறுபடி 40. இதற்குப் பெயர் பயிற்சிதானா?

பதில் 1:
நானும் இப்படியே ஒரு வருடத்தை வீணாக்கினேன். நல்ல நாளில் அதிகம் ஓட்டுவதுதான் சிக்கலே. மோசமான நாளிலும் முடிகிற நேரத்தைக் கண்டுபிடியுங்கள். எனக்கு அது வெறும் 15 நிமிடம் (வெட்கமாகத்தான் இருந்தது). இரண்டு வாரம் அதிலேயே நின்றேன், அப்புறம் இரண்டு நிமிடம் கூட்டினேன். கனமான கியரை அழுத்தாமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 85 சுற்று போல மிதித்தால் தொடைக்குப் பாரம் குறையும்.

பதில் 2:
சாதாரணப் பயிற்சி வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணியும். உங்களுடையது அதையும் தாண்டுகிறது, அளவைக் குறையுங்கள். தோளுக்கு, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.

கேட்டவர்:
உயர்த்திவிட்டேன். 15 நிமிடமா... சரி, நாளைக்கே. யாரும் பார்க்காத நேரத்தில்.