லினக்ஸ் டெஸ்க்டாப்பில் உங்களுக்கு நிம்மதி தந்த சின்ன மாற்றம் எது?

புது வெளியீடு வந்தால் எல்லோரும் வால்பேப்பரையும் அனிமேஷனையும்தான் பேசுகிறோம். தினமும் எரிச்சல் மூட்டிய ஒரு சின்ன விஷயம் எப்போது சரியானது என்று சொல்லுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் ஃபைல் தேர்வுப் பெட்டி. எங்கள் வாசகர் வட்டத்தின் கூட்டப் படங்களை இணையத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. அப்லோட் பொத்தானை அமுக்கினால் பெட்டி திறக்கும், உள்ளே ஐஎம்ஜி என்று தொடங்கும் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கும். எது மேடை, எது சாப்பாட்டுப் பந்தி என்று பெயரைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபைல் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து, படத்தைப் பார்த்து, கடைசி நான்கு எண்களை மனசில் வைத்துக்கொண்டு இங்கே வந்து தேடுவேன். பெட்டிக்குள் படங்கள் சின்னதாகத் தெரியாத இந்தக் குறை 2004-லேயே பதிவானது, தீர்ந்தது 2023 மார்ச்சில், க்னோம் செயலிகளின் பொத்தான்களையும் பெட்டிகளையும் வரையும் ஜிடிகே நூலகத்தின் 4.10 பதிப்பும் க்னோம் 44-உம் வந்தபோது. 2004-இல் பிறந்த பிள்ளை காலேஜே சேர்ந்திருக்கும்! ஆனால் சோம்பேறித்தனம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பழைய பெட்டி முழுக்க ஒரு பழைய பட்டியல் விட்ஜெட்டை (திரைக் கூறு) சுற்றியே கட்டப்பட்டிருந்தது. ஜிடிகே 4-இல் பட்டியலுக்கும் கட்டக் காட்சிக்கும் ஒரே தரவை ஊட்டக்கூடிய புது விட்ஜெட்கள் வந்த பிறகுதான் அதைப் பிரித்து மாற்ற வழி கிடைத்தது. ஜிடிகே 3-இன் சொந்தப் பெட்டியையே திறக்கும் செயலிகளில் இன்னும் பழைய கதைதான்.

*

நான் கேடிஇ ஆள். அப்பாவின் கணினியில் கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 5 போட்டுக் கொடுத்திருந்தேன். அதில் ஃபைலை ஒரு முறை சொடுக்கினாலே திறந்துவிடும். அவரோ விண்டோஸில் பழகியவர், பட்பட்டென்று இரண்டு தட்டு தட்டுவார், ஒரே மின்கட்டண ரசீது இரண்டு ஜன்னல்களில் வந்து நிற்கும். "வைரஸ் வந்துடுச்சாப்பா?" என்று போன். செட்டிங்ஸில் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம், சரி, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் எங்கே போய்த் தேடுவார்? 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-இல் இரட்டைச் சொடுக்கே இயல்பாகிவிட்டது. எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒற்றைதான் பிடிக்கும், இப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மாற்றத் தெரிந்தவன் மாற்றிக்கொள்ளட்டும், அதுதான் நியாயம். 2022-இல் கேடிஇ உருவாக்குநர் நேட் கிரஹாம் ஆரம்பித்த '15 நிமிடப் பிழை' முயற்சியும் இதே எண்ணம்தான்: புதிதாக வந்தவர் முதல் கால் மணி நேரத்தில் மோதுகிற பிழைகளை முதலில் கொல்வது.

*

க்னோமுக்கு ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எழுதிப் பராமரிக்கிறேன், அதனால் உருவாக்குபவன் பக்கத்திலிருந்து ஒன்று. ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11 காலத்தில் ஒரு வரி மாற்றினால் ஆல்ட்+எஃப்2, ஆர், என்டர், க்னோம் ஷெல் (மேல் பட்டை, மெனு எல்லாம் காட்டும் நிரல்) புதிதாக எழுந்துவிடும், திறந்திருந்த ஜன்னல்கள் அப்படியே இருக்கும். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்டில் ஷெல்தான் ஜன்னல்களைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே சர்வரே, அதை நிறுத்தினால் எல்லாம் போச்சு. ஆகவே லாக்அவுட், லாகின், எடிட்டரைத் திற, பார், நிறக் குறியீட்டில் ஒரு எழுத்து தப்பு, மறுபடி லாக்அவுட். ஜன்னலுக்குள் இன்னொரு ஷெல்லை ஓட்டும் 'நெஸ்டட்' வழி இருந்தது, ஓரளவு சமாளிக்கலாம். இப்போது க்னோம் 49-இல் அதன் இடத்துக்கு 'டெவ்கிட்' என்று தனியாகவே ஒன்று வந்துவிட்டது, ரொம்ப சௌகரியம்.

2023-இல் க்னோம் 45 வந்தபோது எக்ஸ்டென்ஷன்கள் மொத்தமாக உடைந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பழைய இம்போர்ட் முறையை விட்டுவிட்டு ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான மாட்யூல் முறைக்குப் போனார்கள். "அப்டேட் போட்டதும் வேலை செய்யவில்லை" என்று எனக்கு வந்த திட்டுகள் ஒன்றிரண்டு அல்ல. ஆனால் மாற்றி எழுதிய பிறகு எடிட்டருக்கே எது எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது, தப்பைச் சுட்டும் லின்டரும் ஒழுங்காக ஓடுகிறது. வலிக்கத்தான் செய்தது, தேவையான வலி. அப்புறம் ஜிடிகே இன்ஸ்பெக்டரைத் தொடாதவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் பொத்தானைப் பிடித்து அங்கேயே அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை மாற்றலாம்.

*

இன்னும் சரியாகாத ஒன்றைச் சொல்லலாமா? பிளாஸ்மா வேலேண்டில் தமிழ்99 விசைப்பலகை முறையில் அடிக்க எஃப்சிடிக்ஸ் 5 என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் மட்டும் போதாது, செட்டிங்ஸில் 'விர்ச்சுவல் கீபோர்டு' என்ற பக்கத்துக்குப் போய் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் மேசையில் நிஜக் கீபோர்டு இருக்கும்போது நான் ஏன் திரைக் கீபோர்டுப் பக்கத்தில் தேடப்போகிறேன்! க்னோமில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் உள்ளேயே இணைந்திருப்பதால் செட்டிங்ஸின் கீபோர்டு பக்கத்திலேயே தமிழைச் சேர்த்துவிடலாம். இதற்கு யாராவது பிழைப் பதிவு போட்டிருந்தால் இணைப்பைத் தாருங்கள், நானும் அங்கே வந்து எழுதுகிறேன்.