சால்னா தின்ற நாய்க்கு வயிற்றுப்போக்கு: நாளை நெல்லை கிளம்பலாமா?

வழிப்போக்கன்:
சென்னையிலிருந்து காரில் வந்து மேலூரில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறோம். நாய் லேப்ரடார், நான்கு வயது, தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று. நேற்று ராத்திரி வீட்டுப் பிள்ளைகள் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து ஊட்டிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து தண்ணீராகப் போகிறது, ஒரு தடவை வாந்தி. நாளை திருநெல்வேலி போக வேண்டும். நமக்குத் தரும் வயிற்றுப்போக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?

கோரிப்பாளையத்தான்:
மலத்தில் ரத்தம் உண்டா? தார் மாதிரி கருப்பாகப் போகிறதா? தண்ணீர் வயிற்றில் நிற்கிறதா?

வழிப்போக்கன்:
ரத்தம் இல்லை அண்ணே. சளி கலந்து போகிறது. தண்ணீர் குடிக்கிறான், வாலும் ஆட்டுகிறான்.

செல்லூர் அக்கா:
மாத்திரையைத் தொடாதீர்கள் தம்பி. டாக்டர் எடை பார்த்துச் சொன்னால் மட்டும்தான். வலிக்குமோ என்று பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் கொடுத்துவிடவும் வேண்டாம், நாய்க்கு அவை விஷம்.

வயிற்றுப்போக்கைவிட எனக்குக் கவலை சால்னாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும்தான். வேகவைத்தாலும் அதன் நச்சு போகாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதுவும் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ஈறு வெளுப்பது, சிறுநீர் செம்பழுப்பாகப் போவது, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பது, இதையெல்லாம் ஒரு வாரம் கவனியுங்கள். எவ்வளவு தின்றான், எடை எவ்வளவு என்று இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எண்ணெய் அதிகமானால் கணையமும் வீங்கும், வாந்தி தொடர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

வளர்ந்த நாய் என்பதால் அரை நாள் வயிற்றைக் காயப்போடலாம், குட்டிக்கு அது கூடாது. தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். அப்புறம் குழைந்த சோறும், தோல், எலும்பு நீக்கி வேகவைத்த கோழியும். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பால் கூடவே கூடாது.

கோரிப்பாளையத்தான்:
கிளம்புவதானால் வெயிலுக்கு முன்னால் கிளம்புங்கள். புறப்படும் முன் சோறு வேண்டாம். சீட்டில் பழைய போர்வை. விருதுநகர், கோவில்பட்டியில் நிறுத்துங்கள், கதவைத் திறக்கும் முன்பே கயிறு மாட்டுங்கள். அவசரத்தில் குதித்து ஓடினால் நான்குவழிச் சாலை. காருக்குள் தனியாக விட்டுவிட்டு டீக்குப் போகாதீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு மோசமானால் நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

வழிப்போக்கன்:
டாக்டரிடம் காட்டினோம். ஈறு நல்ல நிறத்தில்தான் இருக்கிறதாம், வாந்திக்கு ஊசி போட்டார். பயணத்தை ஒருநாள் தள்ளிவிட்டோம். வழக்கமான தீவனம் எப்போது தரலாம் அக்கா?

செல்லூர் அக்கா:
மலம் கெட்டியான பிறகு. சோற்றோடு கொஞ்சமாகக் கலந்து, மூன்று நான்கு நாளில் முழுசாக மாற்றிவிடுங்கள்.