மறுமொழி: டிராகன் பொம்மைகளுக்கு மறுவண்ணம் – 'வாஷ்', 'டிரை பிரஷ்' இரண்டுக்கும் சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் கலைக்குத் தமிழ்ச்சொற்கள் தேடும் இந்த இழையில், கடையில் வாங்கிய பொம்மையின் மேல் நாமே புதிதாக வண்ணம் பூசுவதற்கு 'மறுவண்ணம்' என்ற சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டதில் மகிழ்ச்சி. வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் பிரைமருக்கு வந்த 'பற்றுப்பூச்சு' அருமை. டிராகனை 'யாளி' ஆக்கலாம் என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுவோம். கோயில் தூண்களில் நிற்கும் சிங்கமுக யாளி வேறு, செதிலும் சிறகுமாய் நெருப்பு கக்கும் இந்த உயிர் வேறு. டிராகன் டிராகனாகவே இருக்கட்டும்.

பள்ளங்களில் நிறம் தங்கவிடும் 'வாஷ்' என்பதற்குக் 'கழுவல்', மேடுகளில் மட்டும் நிறம் ஏற்றும் 'டிரை பிரஷ்' என்பதற்கு 'உலர்தூரிகை' என்று வந்த பரிந்துரைகளை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவரை இரண்டுமே குழப்பிவிடும்.

மறுவண்ணம் வெறும் அழகு வேலை இல்லை. 1974இல் வெளிவந்த, மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் நிறம்தான் டிராகனின் குணம். சிவப்பு நெருப்பைக் கக்கும், நீலம் மின்னலை, பச்சை நச்சுப்புகையை, கறுப்பு அமிலத்தை, வெள்ளை உறைகுளிரை. கடையில் வாங்கிய ஊதா நிறப் பொம்மையை அப்படியே மேசையில் வைத்தால், எதிரே இருப்பவர் எதற்குத் தயாராவது? அந்த விளையாட்டில் பொம்மைக்கு இடம் இருப்பதும் புதிதல்ல. ஹாங்காங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துத்தான் புலெட், ரஸ்ட் மான்ஸ்டர் போன்ற அரக்கர்களையே அதை வடிவமைத்தவர்கள் உருவாக்கினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப்பசை போனால்தான் வண்ணம் ஒட்டும். இங்கேயே 'கழுவல்' அடிபட்டுப் போகிறது. முதல் படியும் கழுவல், ஐந்தாம் படியும் கழுவல் என்றால் செய்முறையை எப்படி எழுதுவது? அப்புறம், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் அடைக்க வேண்டும். அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். நம் பெயின்டர்கள் சொல்லும் 'பட்டி பார்த்தல்' போதும்.

பற்றுப்பூச்சில் ஓர் எச்சரிக்கை. வளையும் பிவிசி பிளாஸ்டிக் பொம்மைகளில் மென்மையாக்கும் வேதிப்பொருள் கலந்திருக்கும். ஸ்பிரே டப்பாவில் வரும் கரைப்பான் வகைப் பூச்சு அதோடு வினைபுரிந்து, நாள்கணக்கில் காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடலாம். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வகையைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசுவது நல்லது. அதன் மேல் அடிநிறம்.

இனி 'வாஷ்'. நீர்க்கக் கரைத்த அடர்நிறத்தைச் செதில்கள் மீது தாராளமாக விடுகிறோம். அது மேடுகளிலிருந்து வழிந்து, செதில்களின் இடுக்கில் போய்த் தங்கிக் காய்கிறது. நிழல் விழுந்ததுபோல் ஒவ்வொரு செதிலும் தனித்துத் தெரிகிறது. வெறும் தண்ணீரில் கரைத்தால் ஓரங்களில் கறைவளையம் விழும். அதற்கென்று விற்கும் 'மீடியம்' என்ற நிறமில்லாத கலவையைக் கொஞ்சம் சேர்த்தால் சீராகப் பரவும். எல்லாவற்றுக்கும் கறுப்பையே விடுவது எனக்கு உடன்பாடில்லை. சிவப்பு டிராகனுக்குச் செம்பழுப்பு, நீலத்துக்குக் கருநீலம், வெள்ளைக்கு நீலம் கலந்த வெளிர்சாம்பல் விட்டால்தான் நிறம் செத்துப்போகாது.

இங்கே நடப்பது படிதல். ஆகவே என் பரிந்துரை 'படிநிறம்'. படிந்த, படிகின்ற, படியும் நிறம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை.

'டிரை பிரஷ்' இதற்கு நேர் எதிர். தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றான பிறகு செதில்கள் மேல் லேசாக இழுக்கிறோம். மேடுகள் மட்டும் நிறத்தை வாங்கிக்கொள்கின்றன, பள்ளம் தப்பிவிடுகிறது. 'உலர்தூரிகை' என்றால் கழுவிக் காயவைத்த தூரிகை என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். செய்கையைச் சொல்லாமல் கருவியைச் சொல்லி நின்றுவிடுகிறது அந்தச் சொல். நான் முன்வைப்பது 'தொடுநிறம்'. 'தொடுதிரை' நிலைத்துவிட்டதால் இந்த அமைப்பு யாருக்கும் அந்நியமாக இருக்காது.

படிநிறம் பள்ளத்துக்கு, தொடுநிறம் மேட்டுக்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்டாலே வேலையின் வரிசை மனத்தில் நின்றுவிடும் என்று நம்புகிறேன். வினையாக எழுதும்போது 'படிநிறம் விடு', 'தொடுநிறம் இழு' என்று எழுதலாம். 'தொடுநிறம் தீட்டு' வேண்டாம், கை அழுத்தமாக விழுந்துவிடும்.

வார்னிஷுக்கு அகராதியில் உள்ள 'மெருகெண்ணெய்' இங்கே பொருந்தாது. நாம் பூசுவது அக்ரிலிக், அதில் எண்ணெயே இல்லை. விளையாடும் கைகளின் வியர்வையும் உரசலும் வண்ணத்தைத் தின்னாமல் காப்பதுதான் அதன் வேலை என்பதால் 'காப்புப்பூச்சு' எனலாம். உடலுக்கு மங்கல் காப்பு, கண்ணுக்கும் நாக்குக்கும் பளபளப்புக் காப்பு.

படிநிறம், தொடுநிறம் இரண்டிலும் மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாகத் தூரிகை பிடித்துப் பழகியவர்கள், இந்த வார இறுதிக்குள் எழுதுங்கள். அதன்பின் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.