கசடு லோடை கீரைப் பாத்தியில் போடலாமா?

மாதவரம் கீரைப்பாத்தி: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல காயவெச்ச கசடு ஒரு லோடு வருதாம். தொழு உரத்துல பாதி விலை கூட இல்ல. இந்தப் பக்கம் மாடே குறைஞ்சுபோச்சு, எருவுக்குப் பொன்னேரி வரைக்கும் அலையணும். போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மணலி லேப்: போடாதீங்கண்ணே. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்ட்ல, அதான் ஊர்க்குப்பையை மக்கவெச்ச உரத்துல, கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 தாண்டக் கூடாது. தாண்டினா உணவுப் பயிருக்கு ஆகாதுன்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க. கசடு அதைவிட மோசமா இருக்கலாம். முலாம் பட்டறைத் தண்ணியும் அதே சாக்கடையிலதானே விழுது. வெயில்ல காஞ்சா ஈயம் ஆவியாகாது.

மீஞ்சூர் நெல்லு: ஆரம்பிச்சுட்டாருப்பா! எங்கப்பா ஊர்க் குப்பைமேட்டு எருவைத்தான் வண்டி வண்டியா அடிச்சாரு. நெல்லு வெளையலையா? யூரியா மூட்டைய மட்டும் யாரும் கேள்வி கேக்க மாட்டீங்க.

மணலி லேப்: அந்தக் குப்பையில சாம்பலும் வாழைமட்டையும் இருந்துச்சு. இப்ப பேட்டரி, டியூப்லைட், ஷாம்பு பாக்கெட். இப்ப வர்ற குப்பை உரத்துல ஒரு கூடை வாங்கிச் சலிச்சுப் பாருங்க, 4 மி.மீ. சல்லடையில நூத்துக்கு தொண்ணூறு பங்கு இறங்கணும். மேல நிக்கிற கண்ணாடிச் சில்லு கீரை பறிக்கிற பொம்பளைங்க கையிலதான் ஏறும். மூக்கைக் குத்துற வாடை அடிச்சா அது இன்னும் மக்கவே இல்ல.

புழல் வாசகன்: அமெரிக்காவுல 1993-லயே கசடுக்குத் தனி விதி போட்டாங்க. கிருமி முழுசா அழியாத ரகம்னா, மண்ணுல படுற விளைச்சலை, கசடு போட்டதுல இருந்து 14 மாசம் அறுக்கக் கூடாது. நாம கீரையை ஒரு மாசத்துக்குள்ள கட்டு கட்டிடறோம். அங்க மேயின் மாநிலம் 2022-ல கசடை நிலத்துல கொட்டுறதையே தடை பண்ணிடுச்சு.

மீஞ்சூர் நெல்லு: அந்தத் தடை பிஎஃப்ஏஎஸ்னு லேசுல அழியாத ரசாயனத்துக்காக சார், ஈயத்துக்காக இல்ல. அத்தனை வருஷம் கொட்டுனதும் அவங்கதானே?

மாதவரம் கீரைப்பாத்தி: அப்ப மல்லிகைப்பூத் தோட்டத்துக்கு மட்டும் போடட்டுமா? விதி அதைத் தடுக்கலையே.

மீஞ்சூர் நெல்லு: நாளைக்கு மல்லிகையப் பிடுங்கிட்டு அங்கேயே கத்திரி நடுவீங்க. மண்ணுல இருக்கிற ஈயம் எழுந்து போயிடுமா? இதான் இவரோட விதி லட்சணம்.

மணலி லேப்: அந்த ஓட்டையை நானும் ஒத்துக்கறேன். அதனாலதான் லோடு இறக்கறதுக்கு முன்னாடி கசடு, மண் ரெண்டையும் டெஸ்டுக்குக் குடுங்கன்றேன். சாதா மண் பரிசோதனைச் சீட்டுல தழை, மணி, சாம்பல் மாதிரி சத்துக் கணக்குதான் வரும்ணே. ஈயம், காட்மியம் மாதிரி கன உலோகம்னு தனியா எழுதிக் கேளுங்க.